கிளப்புவதும் கிளம்புவதும்

மேய்ப்பு நாய்களின் ட்ரயல் போட்டியைப் பார்க்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பட்டியருகேதான் போய் நிற்கிறார்கள். கதவின் கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஆட்டுக்காரர் குனிந்திருப்பார். உள்ளே போவதா வேண்டாமா என்று ஐந்து ஆடுகளும் தயங்கும். நாய் அங்குலம் அங்குலமாக நெருங்கும். கூட்டம் மூச்சடக்கிப் பார்க்கும். கதவு சாத்தப்பட்டதும் கைதட்டல். நல்ல காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு மேட்டைப் பார்த்து நிற்கிறவன். நானூறு கஜத்துக்கு அப்பால், கற்சுவருக்குக் கீழே, வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும் அந்த ஐந்து ஆடுகள் முதல் அடி எடுத்துவைக்கும் கணத்துக்காகத்தான் சனிக்கிழமை விடிவதற்கு முன்னால் வண்டியை எடுக்கிறேன். லிஃப்ட் எனப்படும் அந்தக் கணத்துக்கு 110 மதிப்பெண்ணில் வெறும் பத்து. பிறகு ஆடுகளை ஓட்டிச் செல்லும் டிரைவுக்கு முப்பது கொடுக்கிறார்கள். இந்தக் கணக்கோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு.

லிஃப்டைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நான் தேடி அலையவில்லை. சொல் வீட்டிலேயே இருந்தது. என் தாத்தா கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல் காடுகளில் கிடை போட்டவர். இரவெல்லாம் ஒரு சம்சாரியின் புஞ்சையில் அடைந்து கிடந்த ஆடுகளை விடிந்ததும் மேய்ச்சலுக்கு எழுப்புவதைக் 'கிடையைக் கிளப்புறது' என்பார்கள். எங்கள் நாய்கள் காவல் நாய்கள். நரிக்கும் திருடனுக்கும்தான் அவை. ஆட்டை நகர்த்துவது மனிதனின் வேலை. சிறுவனான நான் கம்பை எடுத்துக்கொண்டு ஓடி, தூங்கிக்கொண்டிருக்கும் ஆடுகளின் முதுகில் தட்டுவேன். தாத்தா அதட்டுவார். "மொத அடிய ஆடு தானா எடுத்து வைக்கணும்லே. அத நீ எடுத்து வச்சேன்னா நாள் பூரா நீதான் எடுத்து வைக்கணும்." அவர் ஓரமாக வந்து நிற்பார். லேசாகத் தொண்டையைச் செருமுவார். பிறகு ஒன்றுமே செய்ய மாட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு கிழட்டு ஆடு எழுந்து உடம்பை உதறும். அது நடந்தால் போதும், கிடை மொத்தமும் பின்னால் போகும்.

கிளப்புவது பிறவினை, கிளம்புவது தன்வினை. பள்ளிக்கூடத்தில் எழுத்துத் திருத்தமாகப் படித்த அந்த ஒற்றை மெய்யெழுத்து வித்தியாசத்தின் முழு அர்த்தமும் எனக்குப் பின்னாளில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸின் ஒரு மேட்டில்தான் புரிந்தது. பிறவினையாகத் தொடங்கித் தன்வினையாக முடிவதுதான் நல்ல லிஃப்ட். நாய் கிளப்புகிறது, ஆடு கிளம்புகிறது. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது என்று பார்க்கிறவனால் சொல்ல முடியக் கூடாது.

அந்தக் கணத்தை நிதானமாகப் பார்ப்போம். நாய் அகலமாகச் சுற்றிப் போய் (இதுதான் அவுட்ரன்) மேட்டின் உச்சியில் திரும்புகிறது. ஆடுகளுக்கு நேர் பின்னால், பன்னிரண்டு மணியில் வந்து நிற்க வேண்டும் என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். தேர்ந்த நாய் கடிகாரம் பார்ப்பதில்லை. ஆடுகளின் மனம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்கிறது. அவற்றை அவிழ்த்துவிட்ட கதவு இடப்பக்கம் இருந்தால் அங்கே திரும்பிப் போகத்தான் ஆடு நினைக்கும். அப்போது நாய் பதினொன்றில் போய் நிற்கும். கோடு பிசகியது போலத் தெரியும். ஆடுகள் நேராக வரும். இதைப் புரிந்துகொண்டு மதிப்பெண்ணைக் குறைக்காமல் விடுகிற நடுவரைக் கண்டால் எனக்குக் கும்பிடத் தோன்றும்.

அடுத்து வால். நல்ல பார்டர் கோலியின் வால் அந்த இடத்தில் பின்னங்கால்களுக்கு நடுவே தொங்கும், நுனி மட்டும் லேசாக வளைந்திருக்கும். வால் மேலே எழுந்தால் மனசு வேலையிலிருந்து கழன்றுவிட்டது என்று அர்த்தம். பிறகு நடை. ஓட்டம் நடையாகும் இடத்தில் ஒரு நாய் சட்டென்று பிரேக் போட்டது போல நிற்கும். இன்னொன்று தண்ணீருக்குள் இறங்குவது போல வேகத்தைக் கரைத்துக்கொண்டே வரும். எனக்குப் பிடித்தது இரண்டாவது.

கடைசியாக ஆடு. எல்லோரும் நாயைப் பார்க்கிறார்கள். லிஃப்டை ரசிக்க ஆட்டைத்தான் பார்க்க வேண்டும். ஆட்டின் கண்மணி படுக்கைவாட்டமானது. தலையைத் திருப்பாமலே தன் முதுகுக்குப் பின்னால் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் பார்த்துவிடும். ஆட்டுக்காரர் நிற்கும் கம்பத்தடியிலிருந்து நாய் புறப்பட்ட நொடியிலேயே அவற்றுக்குத் தெரியும். வருகிறவன் யார், நாகரிகமானவனா முரடனா என்ற முடிவு பாதி அப்போதே எடுக்கப்பட்டிருக்கும். முன்னால் நிற்கும் ஸ்வேல்டேல் இன ஆட்டின் ஒரு காது பின்னால் திரும்பும். பிறகு மற்றது. கழுத்து நீளும். கால் எடுத்துவைக்கும். அந்த நேரத்தில் அதன் வாயைக் கவனியுங்கள். மென்றுகொண்டிருந்த புல்லை மென்று முடித்து விழுங்கிவிட்டு நடக்கத் தொடங்கினால் அதுதான் பத்துக்குப் பத்து. பாதிப் புல் வாயில் தொங்க ஓடினால், நாய் எவ்வளவு அழகாக நின்றிருந்தாலும் என் கணக்கில் ஏழுக்கு மேல் இல்லை.

இந்தக் கணத்தில் என்னைப் போன்றவர்களுக்கு இடமே இல்லை என்பதுதான் அதன் அழகு. நானூறு கஜம் என்பது ஏறக்குறைய 365 மீட்டர். விசில் சத்தம் அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு விநாடிக்குச் சற்று மேல் ஆகும். நான் பார்த்து, யோசித்து, ஊதுவதற்கு ஆகும் நேரத்தையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நான் கொடுக்கும் கட்டளை நாயின் காதில் விழும்போது அது முடிந்துபோன ஒரு நிலைமைக்கான கட்டளை. ஆடு அதற்குள் திரும்பிவிட்டது. நாயும் திரும்பிவிட்டது. இன்டர்நேஷனல் சுப்ரீம் போட்டியில் எண்ணூறு கஜம். அங்கே இரண்டு விநாடிக்கு மேல் பழையதாகிவிடும் நம் புத்திசாலித்தனம். அந்த மேட்டில் நிகழ்காலத்தில் இருப்பது நாயும் ஆடும் மட்டுமே. கம்பத்தடியில் நிற்கிறவன் எப்போதும் கொஞ்சம் பின்தங்கியவன்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இளம் நாய்களுக்கான ஒரு நவம்பர் மாத நர்சரி ட்ரயலில் என் நாய் டெஸ்ஸோடு நின்றபோது தெரிந்தது. அவள் அன்று போன அவுட்ரன் என் வாழ்நாளில் மறக்காது. அவ்வளவு அகலம், அவ்வளவு அமைதி. மேட்டில் வந்து வேகத்தைக் கரைத்தாள். அந்த நேரத்தில் நான் அங்கே இல்லை. எனக்கு முன்னால் ஓடியவரின் மதிப்பெண்ணில் பாதி மனம், அடுத்து ஆடுகள் கடக்க வேண்டிய ஃபெட்ச் கேட்டில் மீதி மனம். ஆடுகள் இடப்பக்கம் அரையடி சாய்வது தெரிந்தது. நாயை அந்தப் பக்கம் நகர்த்தும் 'அவே' ஊதினேன். டெஸ் அந்தச் சாய்வை எனக்கு முன்பே பார்த்து, எனக்கு முன்பே அரையடி நகர்ந்து சரி செய்திருந்தாள். சரி செய்து முடித்தவளுக்கு என் விசில் போய்ச் சேர்ந்தது. நல்ல பிள்ளை, கீழ்ப்படிந்தாள். இன்னும் இடப்பக்கம் போனாள். வலப்பக்கம் திறந்துவிட்டது. ஐந்து ஆடுகளும் அந்த வழியாகச் சிதறி ஓடின. பிறகு அவள் அவற்றைச் சேர்த்துக்கொண்டு வந்தாள். ஆனால் வந்தவை கிளம்பி வந்த ஆடுகள் அல்ல, கிளப்பப்பட்ட ஆடுகள். தாத்தா சொன்னது போலவே அன்று கடைசி வரை ஒவ்வோர் அடியையும் நாங்கள்தான் எடுத்துவைக்க வேண்டியிருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துப் பண்ணைப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் தன் மேய்ச்சல் நிலத்துக்கு வரச் சொன்னார். விசிலை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போடச் சொன்னார். நாயை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அவள் போய், ஆடுகளைக் கிளப்பிக்கொண்டு வந்தாள். "முன்னால் வந்த ஆட்டின் காது என்ன செய்தது?" என்று கேட்டார். தெரியவில்லை. "மறுபடி அனுப்பு." அந்தக் குளிர்காலம் முழுக்க இதே பயிற்சிதான். எந்தக் காது முதலில் திரும்பியது, எந்தக் காலை முதலில் எடுத்தது, வாய் அசைந்ததா நின்றதா. பதில் சொல்ல முடியாத நாளில் அடுத்த பாடம் கிடையாது. பயிற்சி நாய்க்கு என்று நினைத்துப் போனேன். அவர் பயிற்றுவித்தது என் கண்ணை. பிப்ரவரியில் ஒரு நாள், நானூறு கஜத்துக்கு அப்பால் ஓர் ஆடு புல்லை விழுங்குவதைப் பார்த்தேன். உண்மையில் அந்தத் தூரத்தில் அது தெரியாது. தலை அசைவதும் நிற்பதும்தான் தெரியும். ஆனாலும் பார்த்தேன் என்றுதான் சொல்வேன். அந்த நேரத்தில் மதிப்பெண், மழை, நடுவர், நான் என்று எதுவும் என் நினைவில் இல்லை. டெஸ் எங்கே இருந்தாளோ அங்கே நானும் இருந்தேன்.

அந்தப் பெரியவரின் பெட்டை ஜில்லைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நகராது. பெரிய கோப்பை எதுவும் அவள் வாங்கியதில்லை. ஆடுகளைப் பிரிக்கும் ஷெட்டில் தயங்குவாள், பட்டியருகே அவசரப்படுவாள். பெயர் பெற்ற நாய்களின் வரிசையில் அவளை வைக்க யாரும் ஒப்ப மாட்டார்கள். ஆனால் லிஃப்டில் அவளுக்கு இணையாக நான் ஒரு நாயைக் கண்டதில்லை. மேட்டுக்குப் போனதும் அவள் தலையைத் தரையோடு தாழ்த்தி ஒரு முன்னங்காலை மடக்கிக் காற்றிலேயே வைத்திருப்பாள். அந்தக் கால் கீழே இறங்குவதும் முன் ஆட்டின் கால் மேலே எழுவதும் ஒன்றாக நடக்கும். நாதஸ்வரக்காரர் மூச்சு எடுப்பதும் தவில்காரர் கை ஓங்குவதும் ஒன்றாக நடக்கும் இல்லையா, அப்படி. யார் யாருக்குக் காட்டிய சைகை என்று கேட்கவே முடியாது.

பத்து வயதுக்கு மேல் ஜில்லுக்குக் காது மந்தமானது. முதலில் எதிர்க்காற்றில் கேட்கவில்லை. பிறகு காற்றில்லாத நாளிலும் கேட்கவில்லை. பெரியவர் அவளை ஓட விடுவதை நிறுத்திவிட்டார். ஒரு செப்டம்பரில், உள்ளூர் ட்ரயல் ஒன்றில், கடைசியாக ஒரு முறை கம்பத்தடிக்குக் கூட்டிப்போனார். கையால் திசை காட்டி அனுப்பினார். விசில் அவர் வாயில் இல்லை. அவள் போனாள். வயதான நாயின் ஓட்டம், கொஞ்சம் குறுகலாக. ஆனால் மேட்டில் அதே தாழ்ந்த தலை, அதே மடக்கிய கால். ஆடுகள் மென்றதை விழுங்கிவிட்டுக் கிளம்பின. மைதானத்தில் அதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. கார்களின் பக்கம் தேநீர் விற்பனை நடந்துகொண்டிருந்தது. ஆடுகளை அவர் காலடி வரை கொண்டுவந்தாள். டிரைவில் திசை மாற்ற வேண்டிய இடத்தில் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. பெரியவர் நேரம் முடியக் காத்திருக்கவில்லை. தொப்பியைத் தொட்டு நடுவருக்கு மரியாதை சொன்னார். வேலை போதும், வா என்று அழைக்கும் 'தட்ல் டூ'வைச் சொல்லிப் பயனில்லை என்பதால் அவளிடம் நடந்தே போய்க் கழுத்தில் கை வைத்தார். லிஃப்டுக்கு எத்தனை போட்டார்கள் என்று பிறகு கேட்டேன். அவர் விசாரிக்கவே இல்லை.

ஷெட்தான் உயர்ந்த கலை என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஒட்டிக்கொண்டு நிற்கும் ஆடுகளுக்கு நடுவே நாய் பாய்ந்து பிரிக்கும்போது தைரியம் தெரிகிறது என்பார்கள். உண்மை. ஆனால் ஷெட்டில் ஆட்டுக்காரரும் பக்கத்திலேயே நிற்கிறார். இருவர் செய்யும் வேலை அது. டிரைவ் விரும்பிகள் நேர்கோட்டைப் பற்றிப் பேசுவார்கள். நேர்கோடு எனக்கும் பிடிக்கும். ஆனால் கவனித்துப் பாருங்கள்: டிரைவில் ஆடுகள் தலை நிமிர்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனால், தப்பு டிரைவில் நடந்ததல்ல. சில நிமிடத்துக்கு முன்னால் மேட்டில் நடந்தது. மற்றதெல்லாம் லிஃப்டின் பின்விளைவு என்றுகூடச் சொல்லத் துணிவேன்.

என் பக்கத்தில் சாட்சிகள் இல்லாமல் இல்லை. 1873 அக்டோபரில் வேல்ஸின் பாலாவில் ரிவ்லாஸ் எஸ்டேட்டின் லாயிட் பிரைஸ் பிரிட்டனின் முதல் ட்ரயலை நடத்தியபோது ஓடியவை பத்து நாய்கள்தான். வேல்ஸ்காரர்கள் கூடி நடத்திய போட்டியில் வென்றவர் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அதற்கு இருபது வருடம் கழித்து, 1893-ல், நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபரின் வீட்டில் ஹெம்ப் என்ற நாய் பிறந்தது. எட்டு வயதுகூட வாழவில்லை. ஆனால் இன்று நாம் பார்டர் கோலி என்று எதைச் சொல்கிறோமோ அது அந்த ஒரு நாயின் அமைதியிலிருந்து வந்தது. குரைக்காமல், கடிக்காமல், பார்வையாலும் நிற்பினாலும் ஆட்டை நகர்த்தும் அந்தப் பாணியைக் கண்ட பிறகுதான் மேய்ப்பர்கள் ஹெம்ப் போன்ற குட்டி வேண்டும் என்று தேடி வந்தார்கள். 1965-ல் கார்டிஃபில் ஜாக் ரிச்சர்ட்சனின் விஸ்டன் கேப், இரண்டு வயதுகூட முடியாமல், சுப்ரீமை வென்றது. சர்வதேச ஆட்டுநாய்ச் சங்கத்தின் சின்னத்தில் இன்றும் தலை தாழ்த்தி நடந்துவருவது அந்த நாய்தான். அந்தச் சின்னத்தை ஒரு முறை உற்றுப் பாருங்கள். பட்டியை மூடும் நாயை அவர்கள் வரையவில்லை. ஆட்டை நோக்கி முதல் அடி வைக்கும் நாயைத்தான் வரைந்திருக்கிறார்கள்.

சுப்ரீமின் டபுள் லிஃப்டையும் இங்கே சொல்ல வேண்டும். பத்து ஆடுகளைப் பாடுபட்டுக் கொண்டுவந்த நாயிடம், அவற்றை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார் என்று சொல்கிறோம். 'லுக் பேக்'. கண்ணுக்கு முன்னால் ஆடு இருக்க, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பத்தைத் தேடி அது ஓட வேண்டும். நாய்க்கு இதைவிடக் கடினமான கட்டளை கிடையாது. சேர்த்துவைத்ததை அந்த நொடியிலேயே கைவிட்டு, புதிதாக, இன்னொரு மேட்டில், இன்னொரு முதல் அடிக்காகத் தலை தாழ்த்த வேண்டும். முதல் லிஃப்டில் செய்த தவறை இரண்டாவதுக்குச் சுமந்துபோகும் நாயை நான் பார்த்ததில்லை. ஆட்டுக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது என் மனக்குறை. லிஃப்ட் தேய்ந்துகொண்டு வருகிறது. முதல் காரணம் ஆடுகள். வாரம் முழுவதும் பத்து நாய்கள் பழகிய ஆடுகளை மைதானத்துக்குக் கொண்டுவருகிறார்கள். நாயின் நிழல் தெரிந்ததுமே அவை தாமாக ஆட்டுக்காரரின் காலடிக்கு ஓடிவருகின்றன. அதைக் கிளம்புவது என்று சொல்ல முடியாது, பழக்கத்தில் ஓடுவது. அங்கே நாய் நாகரிகமானதா முரடானதா என்ற கேள்வியே எழுவதில்லை. இரண்டாவது காரணம் விசில். மேட்டில் நாய் இருக்கும்போதுகூட நொடிக்கு நொடி ஊதி, நில், இடம், நில், வலம் என்று பொம்மையைப் போல நகர்த்துகிறார்கள். மதிப்பெண் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த நாய்க்குத் தன் ஆட்டைத் தானே படிக்க ஒரு நாளும் வாய்ப்புக் கிடைப்பதில்லை.

மூன்றாவது, வியாபாரம். 2021-ல் வேல்ஸில் ஒரு வயதுப் பெட்டை ஒன்று 27,100 பவுண்டுக்கு ஏலம் போனது. நல்ல நாயாகவே இருக்கும். விலை கொடுக்கிறவர் உரிமை அது. ஆனால் திரையில் பார்த்து வாங்கும் காலத்தில் கண்ணைப் பறிப்பது வேகமும் கூர்மையான திருப்பங்களும்தான். நானூறு கஜத்தில் ஓர் ஆடு நிதானமாகப் புல்லை விழுங்குவது எந்தக் காணொளியிலும் தெரியாது. தெரியாததற்காக யாரும் குட்டி வளர்ப்பதில்லை. ஒரு தலைமுறை இப்படியே போனால் ஹெம்ப் கொடுத்த அமைதி ரத்தத்திலிருந்தே நழுவிவிடும்.

டெஸ்ஸுக்கு இப்போது ஒன்பது வயது. அவளோடு ஓட இன்னும் ஓரிரண்டு கோடைதான் மீதி. முன்பெல்லாம் ட்ரயல் முடிந்து வீடு திரும்பும்போது எங்கே எத்தனை மதிப்பெண் போனது என்று வழியெல்லாம் கணக்குப் பார்ப்பேன். இப்போது வழியெல்லாம் லிஃப்டை மட்டும் நினைத்துப் பார்க்கிறேன்: எந்த ஆடு, எந்தக் காது, எந்தக் கால். சென்ற ஐந்து வருடத்தின் மதிப்பெண்களில் ஒன்றுகூட இன்று நினைவில் இல்லை. லிஃப்டுகள் ஏறக்குறைய எல்லாமே இருக்கின்றன.

நாயை ஓட விடுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை உங்கள் நாய் மேட்டில் திரும்பும்போது விசிலை வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆடுகள் பத்து அடி நடக்கும் வரையாவது ஊதாதீர்கள். பார்க்க வருகிறவர்களிடமும் ஒன்று. பட்டியை விட்டு விலகி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, மேட்டைப் பார்த்து நில்லுங்கள். தொலைநோக்கி இருந்தால் கொண்டுவாருங்கள். நாயைப் பார்க்காதீர்கள், முன்னால் நிற்கும் ஆட்டின் காதைப் பாருங்கள்.